கேளுங்க அக்கா: வீட்டுக்குள்ள வேண்டாத விஷம்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி பாத்ரூம் கறை, கொசு, கைக்குழந்தை, பாத்திரம் இதப் பத்தியே இருந்துச்சு. ஒரே விஷயத்தக் கேட்டவங்க கேள்விய எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும்தான் போட்டிருக்கு.

கோயம்புத்தூர் வாசகி: அக்கா, எங்க வீட்டுல போர் தண்ணி. பாத்ரூம் டைல்ஸ் பூரா வெள்ளை வெள்ளையா உப்புக்கறை. டாய்லெட் கிளீனர் ஊத்தி அது மேலயே பிளீச்சிங் பவுடரும் தூவித் தேய்ச்சா போயிடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. போகுது, ஆனா தேய்க்கும்போதே இருமல் வந்து கண்ணு எரியுது. இதுக்கு இயற்கையா ஏதாவது வழி இருக்கா?

தங்கச்சி, இயற்கை வழிய அப்புறம் பேசுவோம், முதல்ல அந்த ரெண்டையும் ஒண்ணா போடுறத இன்னைக்கே நிறுத்துங்க. டாய்லெட் கிளீனர்ல பெரும்பாலும் இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது பிளீச்சிங் பவுடர் மேல பட்ட உடனே குளோரின் வாயு கிளம்பும், முதல் உலகப்போர்ல எதிரிங்களக் கொல்ல அனுப்புன அதே வாயு. இது காத்த விட கனம், அதனால தரையிலயே தங்கும், உக்காந்து தேய்க்கிற உங்க மூஞ்சிக்குத்தான் நேரா வரும். கதவு சாத்தின சின்ன பாத்ரூம்னா நுரையீரலே புண்ணாகும், சில பேருக்கு அப்போதைக்கு இருமல் நின்ன மாதிரி இருந்து சில மணி நேரம் கழிச்சு மூச்சுத்திணறல் வரும். தெரியாம கலந்துட்டீங்கன்னா தண்ணி ஊத்திக்கிட்டு அங்கயே நிக்காம வெளிய வந்துடுங்க, காத்து நல்லா போன பிறகு உள்ள போனா போதும், நெஞ்சு இறுக்கமா இருந்தா டாக்டரப் பாத்துடுங்க.

இப்ப உப்புக்கறைக்கு வருவோம். போர் தண்ணில இருக்கற சுண்ணாம்புச்சத்துதான் காய்ஞ்சு அப்படி ஒட்டுது, அத கரைக்க ஏதாவது ஒரு புளிப்பு போதும். மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட்தான் அது, விலையும் கம்மி. ஒரு லிட்டர் சுடுதண்ணில ரெண்டு மூணு ஸ்பூன் கரைச்சு, பழைய துணிய அதுல முக்கி கறை மேல போர்த்தின மாதிரி ஒட்டி விட்டுடுங்க, அரை மணி நேரம் கழிச்சு தேங்கா நாரால தேய்ச்சா வந்துடும். பைப் வாயில கட்டுன உப்புக்கும் இதே துணிய சுத்தி வெக்கலாம். பல வருஷக் கறைன்னா ரெண்டு மூணு தடவ பண்ணணும், ஒரே தடவையில பளிச்னு வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க, எலுமிச்சை உப்பு, வினிகர் எதுவா இருந்தாலும் பிளீச்சிங் பவுடரோட சேர்ந்தா அதே குளோரின்தான் வரும். இயற்கைப் புளிப்புங்கறதால அது சும்மா இருக்காது. மார்பிள்லயும் மொசைக் தரையிலயும் எந்தப் புளிப்பும் ஊத்தாதீங்க, கல்லே அரிச்சு பாலிஷ் போயிடும்.

இன்னொண்ணு, வீடியோல எல்லாம் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒண்ணா ஊத்தி நுரை பொங்கறதக் காட்டுறாங்க, ஒண்ணு புளிப்பு ஒண்ணு காரம், ரெண்டும் சேர்ந்தா ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், மிச்சம் இருக்கறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. தனித்தனியா போட்டாதான் ரெண்டுக்குமே வேலை இருக்கு.

திருப்பூர் வாசகி: வாடகை வீடு, வீட்டுக்காரர் சம்பளம் மட்டும்தான். ஆர்கானிக், கெமிக்கல் ஃப்ரீன்னு போட்டதெல்லாம் டபுள் விலை. எங்கள மாதிரி ஆளுங்க எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

வாங்காம இருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்கம்மா. நிஜமாத்தான் சொல்றேன். ரூம் ஃப்ரெஷ்னர், கொசுவத்தி, பாச்சா உருண்டை, தரைக்கு ஒண்ணு, கிச்சனுக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணுன்னு தனித்தனி பாட்டில், கரப்பானுக்கு கோடு போடுற சாக்பீஸ், இதுல எத நிறுத்தினாலும் காசும் மிச்சம், வீட்டுக் காத்தும் நல்லாயிருக்கும். அந்த சாக்பீஸ்ல இருக்கறது பூச்சிமருந்து, பாக்க பலப்பம் மாதிரியே இருக்கும், ஸ்லேட்டு வெச்சு எழுதற வயசுப் புள்ளைங்க இருக்கற வீட்டுல அது இருக்கவே கூடாது. துவைக்கிற சோப்பு ஒண்ணு, சமையல் சோடா, எலுமிச்சை உப்பு, வீட்டு வேலையில பெரும்பகுதி இதுலயே முடிஞ்சிடும். தரை துடைக்கற தண்ணிக்கு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு போதும்.

பாக்கெட் மேல பச்சை இலை படம் இருக்கறத நம்பி காசு கொடுக்காதீங்க. ஆதாரம் இல்லாம சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்லதான் வழிகாட்டு நெறிமுறையே கொண்டு வந்துச்சு. பின்பக்கம் என்னென்ன கலந்திருக்குன்னு எழுதாத பொருள, முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகி: ஆறு மாசக் குழந்தை இருக்கு. மழைக்காலம் வந்தா கொசு தாங்கல. கொசுவத்தி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். வேப்பிலைப் புகை, நொச்சி செடி, மூலிகை ஊதுபத்தி இதெல்லாம் ஓகேவா?

டாக்டர் சொன்னது ரொம்ப சரி. ஒரு கொசுவத்தி எரிஞ்சு முடியறப்ப வர்ற நுண்துகள் 75 லேர்ந்து 137 சிகரெட் புகைக்குச் சமம்னு 2003-ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது, பிஎம் 2.5-ன்னு சொல்றோமே அந்தத் துகள். மூடின ரூம்ல குழந்தை பக்கத்துல அத ராத்திரி பூரா வெக்கிறோம். ஆனா தங்கச்சி, வேப்பிலைய எரிச்சாலும் வர்றது புகைதான். எந்த இலை எரியுதுன்னு குழந்தையோட நுரையீரலுக்குத் தெரியாது, அதனால அதுவும் குழந்தை இருக்கற ரூம்ல வேண்டாம். மூலிகை ஊதுபத்தின்னு விக்கறதுல இன்னும் கவனமா இருங்க, வேப்பிலை படம் போட்டிருக்கும், உள்ள பூச்சிமருந்து தடவியிருக்கலாம். கொசுவக் கொல்ற எந்தப் பொருளுக்கும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தோட பதிவு எண் இருக்கணும், அது இல்லாத பாக்கெட்ட தொடாதீங்க. நொச்சி நல்ல செடி, வளங்க, ஆனா வாசல்ல செடி நிக்கறதாலயே கொசு உள்ள வராம இருக்காது.

குழந்தைக்கு கொசுவலைய விட நல்லது எதுவும் இல்ல. பகல்லயும் போடணும், ஏன்னா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்லதான் கடிக்கும், அதுவும் காலையிலயும் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடியும். ஜன்னலுக்கு ஒட்டிக்கிற வெல்க்ரோ வலை அளவெடுத்து வாங்கி ஒட்டிட்டா வாடகை வீட்டுல கூட பிரச்னை இல்ல. ஃபேன் நல்லா ஓடினாலே பாதி கொசு கிட்ட வராது. லிக்விட் மெஷின் வெச்சே ஆகணும்னா குழந்தை இல்லாதப்ப ரூம்ல ஓட விட்டு, அப்புறம் ஆஃப் பண்ணி ஜன்னலத் திறந்து காத்தோட்டம் விட்டு படுக்க வைங்க. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் மூணு வயசுக்குக் கீழ தடவக்கூடாது, அதையும் சொல்லிடறேன், இயற்கைன்னு போட்டு அதத்தான் நிறைய விக்கறாங்க.

ஆனா நிஜமான வேலை வீட்டுக்கு வெளியதான் இருக்கு. ஏடிஸ் சாக்கடையில முட்டை போடாது, நல்ல தண்ணிலதான் போடும், முட்டை கொசுவாக 7 லேர்ந்து 10 நாள் போதும். அதனால வாரம் ஒரு நாள், ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கோங்க, ஒரு சுத்து சுத்தி வாங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி தண்ணி சேர்ற ட்ரே, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணி விழுற பக்கெட், கொல்லையில மழையில நனையற ஆட்டுக்கல் குழி, தேங்கா சிரட்டை, மாடியில கிடக்குற பழைய டயர், பெயின்ட் டப்பா, மூடி சரியா மூடாத சின்டெக்ஸ். தண்ணியக் கொட்டினா மட்டும் பத்தாது, ஓரத்த நார் போட்டு தேய்க்கணும், ஏன்னா முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், மாசக்கணக்குல காய்ஞ்சு கிடந்தாலும் திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிடும். தொட்டியக் கழுவாம காய வெச்சுட்டோம்னு நிம்மதியா இருக்கற வீட்டுலதான் அடுத்த மழைக்குக் காய்ச்சல் வருது. ஏடிஸ் பிறந்த இடத்துலேர்ந்து ரொம்ப தூரம் பறக்காது, அதனால பக்கத்து ரெண்டு மூணு வீட்டையும் கூட்டிக்கிட்டு இதப் பண்ணினா தெருவுக்கே வித்தியாசம் தெரியும்.

மதுரை வாசகி: மாமியார் ரொம்ப பாசமானவங்க. ஆனா குழந்தைக்கு வசம்பு சுட்டு உரைச்சு நாக்குல தடவுறது, குளிப்பாட்டினதும் சாம்பிராணி புகை, கண்ணுக்கு மை, சளி பிடிச்சா கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய்னு எல்லாம் செய்யறாங்க. பாரம்பரியம்தானே, கெடுதல் இல்லையேன்னு வீட்டுக்காரரும் சொல்றார். நான் என்ன பண்றது?

உங்க மாமியார் அக்கறையிலதான் செய்யறாங்க, அத மனசுல வெச்சுக்கிட்டே படிங்க. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான்னு பேர் இருக்கறதால நம்ம ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதுல பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு, ஆய்வகத்துல எலிங்களுக்குக் கொடுத்தப்ப புத்துநோய் வந்துச்சு, அதனால 1968-லயே அமெரிக்காவுல உணவுல வசம்பு சேர்க்கறதத் தடை பண்ணிட்டாங்க. இங்க பச்சைக் குழந்தைங்க வசம்பு கொடுத்த பிறகு வாந்தி, சோர்வுன்னு ஆஸ்பத்திரிக்கு வர்றதும் நடக்குது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவுமே வேண்டாம், தண்ணி கூட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்ப உரைமருந்துக்கு அங்க இடமே இல்ல. கையில வசம்பு வளையல் கட்டினா அதையும் குழந்தை வாயில வெச்சு சப்பும், அதனால அதுவும் வேண்டாம்.

கற்பூரத்தப் பத்திதான் எனக்கு ரொம்பக் கவலை. ஒரு சின்னக் கட்டிய குழந்தை முழுங்கினா சில நிமிஷத்துலயே வலிப்பு வரலாம், தோல் வழியாவும் உள்ள போகும். ரெண்டு வயசுக்குக் கீழ கற்பூரம் கலந்த எண்ணெயோ தைலமோ நெஞ்சுல, மூக்குல, எங்கயும் தடவக்கூடாது. பூஜை ரூம் கற்பூர டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும், மிட்டாய் மாதிரியே இருக்குறதால தவழ்ற புள்ளை நேரா வாயிலதான் போடும். பீரோல பாச்சா உருண்டை போட்டு வெச்ச பழைய தொட்டில் துணி, கம்பளி எல்லாம் எடுத்து அப்படியே போர்த்தறதும் வேண்டாம், ஜி6பிடின்னு ரத்தச் சிவப்பணுவக் காக்கற ஒரு நொதி பிறவியிலேயே கம்மியா இருக்கற குழந்தைங்களுக்கு, அந்த உருண்டையில இருக்கற நாப்தலின் நெடியால சிவப்பணு உடைஞ்சு மஞ்சக்காமாலை வரலாம், நம்ம குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கான்னு பெரும்பாலும் நமக்குத் தெரியாது. துவைச்சு நல்ல வெயில்ல காய வெச்சு வேப்பிலை காய்ஞ்சத துணிப்பையில கட்டிப் போட்டா போதும்.

மை சில வகைகள்ல லெட், அதாவது காரீயம், இருக்கு, அது கண்ணுல வெச்சு விரல் வழியா வாய்க்குப் போகும். திருஷ்டிக்குன்னா காது பின்னாடி கை எட்டாத இடத்துல ஒரு பொட்டு வைங்க, பெரியவங்க மனசும் நிறையும். சாம்பிராணிக்கு பதிலா பருத்தித் துண்டால தலைய துவட்டி இளவெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா முடி காய்ஞ்சிடும், அப்படியும் வீட்டுல சாம்பிராணி போடணும்னா குழந்தைய வேற ரூம்ல வெச்சுட்டு போடட்டும்.

வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு குழந்தை டாக்டர்கிட்ட மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, நீங்க சொல்றத விட டாக்டர் சொன்னா சண்டை இல்லாம முடியும். அவங்க கிட்டேர்ந்து எல்லாத்தையும் பிடுங்கிடாதீங்க. எண்ணெய் தேய்ச்சு கால்ல போட்டு குளிப்பாட்டுறது, பாலாடையில பால் புகட்டறது, தாலாட்டு, இதெல்லாம் அவங்களுக்கு வர்ற மாதிரி நமக்கு வராது. வேலைக்குப் போற அம்மா எடுத்து வெச்ச தாய்ப்பால கொடுக்க ஃபீடிங் பாட்டில விட பாலாடை எவ்வளவோ மேல், ஸ்டீல்ல இருக்கும், இடுக்கு கிடையாது, கொதிக்கற தண்ணில போட்டு எடுத்தா சுத்தம். மூக்குல காதுல எண்ணெய் விடாம இருந்தா போதும்.

நாகர்கோவில் வாசகி: துணி துவைக்க பூந்திக்கொட்டை போதுமா?

அன்னாடம் போடுற பருத்தித் துணி, பட்டு, குழந்தை துணிக்குப் போதும். விதைய எடுத்துட்டு ஒரு கைப்பிடி தோல ராத்திரி ஊற வெச்சு காலையில கசக்கி வடிகட்டுங்க, இல்ல மெஷின்னா சின்ன துணிப்பையில கட்டி உள்ள போட்டுடுங்க. எண்ணெய்க் கறைக்கும் ஸ்கூல் யூனிஃபார்ம் காலர் அழுக்குக்கும் பத்தாது, அங்க மட்டும் சோப்பு போட்டு தேய்ங்க. நுரை கம்மியா வரும், நுரைக்கும் அழுக்கு போறதுக்கும் சம்பந்தம் இல்ல. வடிகட்டின தண்ணி ரெண்டு மூணு நாள்ல கெட்டுடும், அப்பப்ப செஞ்சுக்கோங்க, கண்ணுல பட்டா எரியும்.

காஞ்சிபுரம் வாசகர்: பொங்கலுக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்கணும். மனைவி அஞ்சு மாசம். அப்பா காலத்து வீடு, ஜன்னல் கிராதி எல்லாம் பழைய எனாமல் பெயின்ட். அத சுரண்டிட்டு அடிக்கணும்னு பெயின்டர் சொல்றார். நெடி இல்லாத பெயின்ட் வாங்கினா போதுமா?

தம்பி, புது பெயின்ட் நெடிய விட அந்தப் பழைய பெயின்ட சுரண்டற தூசிதான் எனக்கு பயமா இருக்கு. நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல லெட் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு, மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-லேர்ந்துதான். அதுக்கு முன்னாடி எனாமல்ல, முக்கியமா மஞ்சள், சிவப்பு, பச்சை கலர்ல, நிறத்துக்காகவும் சீக்கிரம் காயறதுக்காகவும் லெட் சேர்த்தாங்க. அப்பா காலத்து ஜன்னல்னா நாலஞ்சு கோட் இருக்கும். உப்புத்தாள் போட்டு தேய்ச்சா அது மாவு மாதிரி பறந்து படுக்கையில, சமையல் மேடையில எல்லாம் படியும். லெட் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது, வயித்துல இருக்கற குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாவே போயிடும், மூளை வளர்ச்சியத்தான் முதல்ல தொடும்.

அதனால உங்க மனைவி வேலை முடியற வரைக்கும் அம்மா வீட்டுக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ போயிடட்டும். பெயின்ட் உரியாம கெட்டியா இருக்கற கிராதிய சுரண்டவே வேண்டாம், சோப்புத் தண்ணியால கழுவி காய வெச்சு மேலயே அடிச்சுக்கலாம். உரிஞ்சு தொங்கறத மட்டும் தண்ணி தெளிச்சு ஈரமா வெச்சு சுரண்டச் சொல்லுங்க. கீழ பழைய பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, விழுந்தத அப்படியே சுருட்டி எடுங்க. ஹீட் கன் வெச்சு உருக்கறதோ, மெஷின் போட்டு தேய்க்கறதோ கூடாது. வேலை முடிஞ்சதும் விளக்குமாறு போட்டு பெருக்காம ஈரத் துணியால ரெண்டு மூணு தடவ துடைக்கணும். பெயின்டர் தம்பிக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுங்க, கை கழுவாம டீ குடிக்க வேண்டாம்னு சொல்லுங்க, அவர் சட்டையோட வீட்டுக்குப் போனா அவர் புள்ளைங்களுக்கும் அந்தத் தூசி போகும்.

புதுசா வாங்கறப்ப டப்பாவுல லெட் அளவு போட்டிருக்கணும், பாத்து வாங்குங்க, விஓசி, அதாவது ஆவியா காத்துல கலக்கற ரசாயனம், கம்மின்னு இருக்கற தண்ணி பெயின்டா இருந்தா நல்லது. வெளிச் சுவர், கொல்லை, மாட்டுக்கொட்டாய் இங்கல்லாம் சுண்ணாம்பே அடிங்க, பூஞ்சை பிடிக்காது, சுவத்துல ஈரம் அடையாது, விலையும் கம்மி. ஆனா ஏற்கெனவே எமல்ஷன் அடிச்ச சுவத்துல சுண்ணாம்பு நிக்காம உதிரும், அங்க முயற்சி பண்ண வேண்டாம். சுண்ணாம்பு நீத்தறப்ப கொதிக்கும், கண்ணுல தெறிச்சா பார்வையே போகும், கண்ணாடி போட்டுக்கிட்டுதான் கலக்கணும்.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு லெட் வேற எதுல வரும்னு கேப்பீங்க, மஞ்சத்தூள்ல வரும். நிறம் ஏத்த லெட் குரோமேட் கலக்கறத பங்களாதேஷ்ல 2019-ல கண்டுபிடிச்சு அப்புறம் அந்த அரசாங்கம் கடுமையா நடவடிக்கை எடுத்துச்சு, இந்தியாவுலயும் சில இடங்கள்ல விக்கற மஞ்சள்ல இருந்திருக்கு. விரலி மஞ்சள் வாங்கி, கழுவிக் காய வெச்சு மில்லுல அரைச்சுக்கோங்க. தொட்டா கையெல்லாம் ஒட்டற அளவுக்கு பளீர்னு பாலிஷ் போட்ட மஞ்சள் வேண்டாம், மங்கலா இருக்கறதே நல்லது.

சேலம் வாசகி: நான் ஸ்டிக் தவா எல்லாம் கோடு விழுந்து உரிஞ்சுடுச்சு. இரும்புக்கு மாறணும். தோசை ஒட்டுமேன்னு பயம். அம்மா வீட்டு ஈயச்சொம்பும் இருக்கு, ரசம் வெக்கலாமா?

நான் ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல போனா சிதைய ஆரம்பிக்கும், காலியா ஃபுல் ஃபிளேம்ல வெச்சுட்டு மாவெடுக்கப் போனீங்கன்னா சில நிமிஷத்துலயே அந்தச் சூட்டுக்குப் போயிடும். அந்தப் புகையில கூண்டுக்கிளி எல்லாம் செத்துப் போயிருக்கு. பூச்சு தயாரிக்கப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ-ங்கற ரசாயனத்த 2019-ல உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல தடைப் பட்டியல்ல சேர்த்தாங்க. நல்ல நிலையில இருக்கற தவாவ மிதமான தீயில பயன்படுத்திக்கலாம், உரிஞ்சத மட்டும் விட்டுடுங்க.

வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்குங்க. பழக்கணும், அவ்வளவுதான். வாங்கின உடனே தேங்கா நாரும் சோப்பும் போட்டு கறுப்புத்தண்ணி போற வரைக்கும் தேய்ச்சு, அரிசி கழுவின தண்ணில ராத்திரி பூரா ஊற வைங்க. காலையில கழுவி அடுப்புல ஈரம் போகக் காய வெச்சு, நல்லெண்ணெய் மெலிசா தடவி புகை லேசா கிளம்பற வரைக்கும் சூடு பண்ணி ஆற விடுங்க. எண்ணெய் தேங்கி நிக்கற மாதிரி ஊத்தினா பிசுபிசுன்னு ஆயிடும், துடைச்சு எடுத்தாப்ல இருக்கணும். இத நாலஞ்சு நாள் பண்ணி, நடுவுல வெங்காயத்த பாதியா வெட்டி எண்ணெயில தொட்டு கல்லு பூரா தேய்ச்சு வதக்குங்க. முதல்ல ஊத்தப்பம், அடை மாதிரி கெட்டியா ஊத்துங்க, பிஞ்சாலும் பரவாயில்ல, பேப்பர் ரோஸ்ட் அப்புறம் தானா வரும். கல்லு சரியா காய்ஞ்சிருக்கான்னு தண்ணி தெளிச்சுப் பாருங்க, உருண்டு ஓடினா மாவ ஊத்தலாம். சப்பாத்திக்கு வேற கல் வெச்சுக்கோங்க, ஒரே கல்லுல ரெண்டும் பண்ணினா தோசை ஒட்டும். கழுவினதும் துடைச்சு எண்ணெய் தடவி வைங்க.

நம்ம நாட்டுல 15 லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது. இரும்புச் சட்டியில காய் வதக்கினா கொஞ்சம் இரும்புச்சத்து சாப்பாட்டுல ஏறும், அதுக்காக டாக்டர் கொடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க. புளிக்குழம்ப இரும்புலயும் அலுமினியத்துலயும் வெக்க வேண்டாம். அதுக்கு உங்க ஊர் கல்சட்டி இருக்கே, சேலத்துலயே இருந்துக்கிட்டு அத விடலாமா. சூட்ட மெதுவா ஏத்தி இறக்கணும், திடீர்னு பச்சைத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும்.

ஈயச்சொம்புங்கறது வெள்ளீயத்துல செஞ்சது, அதுல ரசம் வெக்கறதுல தப்பில்ல. பிரச்னை என்னன்னா விலை கம்மின்னு காரீயத்த, அதாவது லெட்ட, கலந்து விக்கறாங்க. வெள்ளைத் தாள்ல சொம்போட அடிப்பக்கத்த தேய்ச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி கறுப்பா கோடு விழுந்தா ரசத்துக்கு வேண்டாம். கோடு விழலைன்னாலும் கொஞ்சமா கலந்திருந்தா தெரியாது, அதனால உலோகம் பரிசோதிக்கிற லேப்ல ஒரு தடவ காமிச்சுடுங்க. சுத்தமான ஈயம்னு உறுதியானா, ரசத்த ஊத்திட்டுதான் அடுப்புல வெக்கணும், 232 டிகிரியிலயே உருகிடும், காலியா வெச்சா சொம்பு அடுப்பு மேலயே ஓடிடும்.

வேலூர் வாசகி: பிளாஸ்டிக் டப்பா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடிக்கு மாறிடட்டுமா?

தூக்கிப் போட வேண்டாம், போட்டா அது குப்பைமேட்டுக்குத்தான் போகும். பருப்பு, உப்பு, தைக்கிற சாமான்னு காய்ஞ்ச பொருளுக்கு வெச்சுக்கோங்க. சூடு, எண்ணெய், புளிப்பு இந்த மூணும் மட்டும் பிளாஸ்டிக்ல படக்கூடாது. குழந்தை டிபன், தண்ணி ரெண்டுக்கும் எவர்சில்வர் போதும், கண்ணாடிக்கு செலவழிக்க வேண்டாம். 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, ஆனாலும் கொதிக்கக் கொதிக்க சாம்பார் கவர்ல கட்டித் தர்றது நிக்கல. ஹோட்டலுக்குப் போறப்ப ஒரு தூக்கு எடுத்துட்டுப் போங்க, யாரும் மறுக்க மாட்டாங்க, சில கடையில ரெண்டு கரண்டி கூடவே ஊத்துவாங்க.

செங்கல்பட்டு வாசகி: எலித் தொல்லை தாங்கல. பேஸ்ட் வெக்கவும் பயமா இருக்கு. வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க.

பயம் நியாயமானது. 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல ஒரு வீட்டுல எலிக்கு வெச்ச மருந்தோட நெடி மூடின ரூம்ல பரவி ரெண்டு குழந்தைங்க இறந்துபோனாங்க. அதப் படிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடே இறங்கல. எலி பேஸ்ட்ல இருக்கற மஞ்சள் பாஸ்பரஸுக்கு முறிவு மருந்தே கிடையாது. முழுங்கின முதல் நாள் வாந்தி வரும், அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் சரியான மாதிரி இருக்கும், அதுக்குள்ள கல்லீரல் அழுகிக்கிட்டு இருக்கும். தமிழ்நாட்டுல அந்த பேஸ்ட்டுக்குத் தடை இருக்கு, யாராவது எடுத்துக் கொடுத்தா வாங்காதீங்க. நெல் மூட்டைக்கு வெக்கிற மாத்திரைய வீட்டுல எலி வளைக்குள்ள போடவே போடாதீங்க, ஈரம் பட்டா அதுலேர்ந்து பாஸ்பீன் வாயு வரும்.

எலி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. சுண்டெலிக்கு பென்சில் நுழையற ஓட்டை போதும். சிங்க் பைப் போற ஓட்டை, கதவுக்கு அடியில இருக்கற சந்து, ஏசி பைப் துளை, பாத்ரூம் ஜாலி எல்லாத்தையும் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரத் திணிச்சு மேல சிமென்ட் பூசுங்க, துணியோ தெர்மாகோலோ வெச்சா கடிச்சுடும். அரிசி, பருப்பு மூடி போட்ட தகர டின்ல இருக்கட்டும், ராத்திரி குப்பைய வெளிய வெச்சிடுங்க. அப்புறம் எலிக்கூண்டு, சுவத்து ஓரமா வைங்க, எலி நடுவுல நடக்காது, ஓரமாத்தான் ஓடும். சுட்ட தேங்கா, கருவாடு, மசால் வடை எது உங்க வீட்டுல வாசனை தூக்குதோ அத வைங்க, முதல் ரெண்டு நாள் கதவ மாட்டாம தின்ன விட்டு பழக்கிட்டு அப்புறம் மாட்டுங்க. எலி மூத்திரம் பட்ட இடத்த கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணியால துடைங்க, எலிக்காய்ச்சல் அதுலேர்ந்துதான் வரும், அங்க எலுமிச்சை உப்பு, டாய்லெட் கிளீனர் எதையும் சேர்த்துடாதீங்க.

புள்ளைங்க ஏற்கெனவே எலி மருந்தத் தொட்டிருக்கலாம்னு ஒரு சந்தேகம் வந்தாலும் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வெக்கறது, எண்ணெய் குடிக்க வெக்கறதெல்லாம் பண்ணாம உடனே 108-க்கு போன் பண்ணுங்க, மருந்து டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க, குழந்தை நல்லாத்தானே விளையாடுதுன்னு காத்திருக்காதீங்க.